கோட்டுக்கு அந்தாண்ட பிடித்த பந்து

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் அவர் பந்து பிடிக்கிறதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குக் கவலை மறந்துபோகும். மற்ற நேரமெல்லாம் கவலைதான். பஸ் வருமா, வந்தால் நிற்குமா, நின்றால் ஏற முடியுமா என்று ஸ்டாப்புக்குப் போகும் முன்னாடியே வேர்த்துவிடும் ஆள் நான். ஆறாங்கிளாஸோடு படிப்பை விட்டவன். படிப்பு ஏறாமல் இல்லை. வாத்தியார் கேள்வி கேட்டுவிடுவாரோ என்றே பாதி நாள் வயிற்றுவலி.

ஒரு காரணமும் இருந்தது. எங்க அண்ணன் கடலுக்குப் போனபோது கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது. அதற்கப்புறம் அக்கா, கடலுக்குப் போகிற ஒருவரையே கட்டிக்கொண்டாள். எங்கள் குப்பத்தில் வேறு யாரைக் கட்டுவது? மாமா விடிகாலையில் மரத்தைத் தள்ளும்போது அவள் வெளியே வந்து பார்க்கமாட்டாள். அவர் திரும்பி வந்து வலையை உதறும் சத்தம் கேட்கிற வரைக்கும் அடுப்பு பற்றவைக்கவும் மாட்டாள்.

சாயங்காலம் ஈர மணலில் ஆட்டம் நடக்கும். வலை மிதவைக் கட்டையைச் செதுக்கி, மேலே பழைய வலை நூலைச் சுற்றினால் அதுதான் பந்து. ஒரு பக்கம் இடிந்த கோட்டைச் சுவர், ஒரு பக்கம் கடல். எல்லை என்று ஒன்றும் கிடையாது. எங்கே போய்ப் பிடித்தாலும் அவுட். கழுத்தளவு தண்ணீரில் நின்று பிடித்தாலும் அவுட். மட்டையில் பட்ட சத்தத்துக்கு மாமா ஒரு தடவை தலையைத் தூக்குவார். பிறகு பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவார். எங்கேயோ போய் நின்று கையை நீட்டுவார். பந்து அங்கே வந்து சேரும். சில நாள் அலைக்குள் விழுந்துவிடுவார். முதலில் கை மட்டும் வெளியே வரும், பந்தோடு.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு ஒரு கிரிக்கெட் டீம் இருந்தது. அந்த எழுபதுகளில் நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலையே கொடுப்பார்கள். கேப்டனாக இருந்த ஃபோர்மேனிடம் மாமாவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு மாமாங்கம் ஆனது.

"பேட்டிங் வருமா?"

"வராதுங்க."

"பௌலிங்?"

"இல்லீங்க. பந்து எங்க போனாலும் புட்ச்சிடுவாருங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். "ஞாயித்துக்கெழம இட்டுகினு வா. மேனேஜரும் வர்றாரு. அவருக்குப் புட்ச்சிருந்தா வேலைக்குப் பேசலாம்."

அக்காவிடம் சொன்னேன். அவள் மாமாவின் வெள்ளைச் சட்டையை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். காய்ந்ததும் மறுபடி துவைத்தாள்.

பஸ்ஸில் மாமா என்னைத்தான் பார்த்துச் சிரித்தார். "இன்னா மச்சான், ஆடப் போறது நானா நீயா? இப்டி வேர்த்துகினு கீற."

மைதானம் ஏரிக்கரைக்குக் கீழே. சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு, நடுநடுவே சின்னக் கொடி. கம்பெனி கொடுத்த கேன்வாஸ் ஷூவை மாமா கழற்றி, கயிற்றை முடிந்து என் கழுத்தில் மாட்டிவிட்டு, கரையோரமாய்ப் போய் நின்றார். வெகு நேரம் அவர் பக்கம் பந்தே போகவில்லை. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எதிர் டீமுக்கு இன்னும் ஐந்து ரன் வேண்டும். ஒரு விக்கெட் விழுந்தால் நாங்கள் ஜெயித்துவிடுவோம். அவர்கள் ஆள் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து ஏரிப் பக்கமாய் எழும்பியது. மாமா ஒரு தடவை தலையைத் தூக்கிவிட்டுத் திரும்பி ஓடினார். கோட்டைத் தாண்டினார், கொடியைத் தாண்டினார். கரைச் சரிவில் ஏறினார். மேலே இரண்டு பனைமரம். அதற்கு நடுவே போய், திரும்பாமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

பந்து உள்ளங்கையில் விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது. மேனேஜர் எழுந்து நின்றிருந்தார்.

அம்பயர் ரெண்டு கையையும் தூக்கினார். அதைப் பார்த்து மாமாவும் சந்தோஷமாய் ரெண்டு கையையும் தூக்கினார்.

இறங்கி வந்து பார்த்தால் எங்கள் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னா மச்சான், ஏன் எழவு வூட்டாட்டம் குந்திகினு கீறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

ஃபோர்மேன்தான் சொன்னார். "கோட்டுக்கு அந்தாண்ட புட்ச்சா அவுட் இல்லய்யா. ஆறு ரன்னு. தோத்துட்டோம்."

"புட்ச்சது நெஜந்தான?"

"நெஜந்தான்."

"பின்ன?"

ஃபோர்மேன் சுண்ணாம்புக் கோட்டைக் கை நீட்டிக் காட்டினார். மாமா அப்போதுதான் அந்தக் கோட்டையே பார்த்தார். "இது ஏதோ விசேஷத்துக்குப் போட்டு வெச்சிகிறாங்கன்னு நெனச்சேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்காவிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் அதற்குள் நூறு விதமாய்ச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை விடிகாலை அவர் மறுபடி மரத்தைத் தள்ளுவார்.

மேனேஜர் எங்களைத் தாண்டி நேராய் ஏரிக்கரைக்குப் போனார். பேன்ட்டெல்லாம் புழுதியாக, மேலே ஏறினார். அடித்தவனும் மட்டையோடு பின்னாலேயே ஏறினான். இரண்டு பேரும் பனைமரத்துக்கு நடுவே நின்று, கீழே கோட்டைப் பார்த்தார்கள். அங்கிருந்து மைதானத்தின் நடுவைப் பார்த்தார்கள். நானும் முதல் தடவையாக அந்தத் தூரத்தைச் சரியாகப் பார்த்தேன். கவலைப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் இறங்கி வந்தார். "திரும்பிப் பாக்காம எப்படிய்யா ஓடின?"

"பாத்துகினே ஓடினா லேட்டாயிடும் சார்."

அவர் மாமாவின் வெறுங்காலைப் பார்த்தார். ஃபோர்மேனிடம், "மொதல்ல இவனக் கோட்டு மேல ஒரு சுத்து நடக்க வை. நாளைக்கு ஸ்டோர்ஸ்ல வேலைக்குச் சேத்துக்க" என்றார்.

ஃபோர்மேன் முன்னால், மாமா பின்னால், ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் கடைசியில். மைதானத்தை முழுசாய்ச் சுற்றினோம். மாமாவின் பாதம் வெள்ளையாகிவிட்டது.

அதற்கப்புறம் பல வருஷம் ஆடினார். பேட்டிங்கில் பேர் வாங்கியதே இல்லை. ஆனால் அவர் நிற்கிற பக்கமாய்ப் போய் உட்கார்வதற்கென்றே வேறு கம்பெனி ஆட்களும் வருவார்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் குதிகாலால் பின்னால் கோட்டைத் தடவிப் பார்ப்பார். ஒரு தடவை அவர் கட்டுமரத்தின் விளிம்பிலிருந்து கடலுக்குள் சாய்கிற மாதிரி உடம்பு முழுக்கக் கோட்டுக்கு வெளியே காற்றில் சாய்ந்து பந்தைப் பிடித்தார். கால் விரல் மட்டும் உள்ளேயே தரையைக் கவ்விக்கொண்டிருந்தது. அம்பயரே கிட்டே வந்து குனிந்து பார்த்தார். சுண்ணாம்பு கலையவே இல்லை.

ஒரு ஐப்பசியில் புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். விடிகாலையிலேயே கடல் இரைச்சல் காதை அடைத்தது. பழக்கதோஷத்தில் பதறிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் கேன்வாஸ் ஷூ கிடந்தது, ஓரத்தில் சுண்ணாம்போடு. உள்ளே மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா அடுப்பு பற்றவைத்திருந்தாள்.