வெளுக்கும் விரல்களுக்கு ஒரு சோடி கிளவுஸ்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் அதன் முன்னால் ரோட்டைக் கடக்கும்போது வாகனங்களை நிறுத்துவது என் வேலை. காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பளிச்சென்ற மஞ்சள் கோட்டு, ஒரு தொப்பி, என்னைவிட உயரமான தடி, அதன் உச்சியில் வட்டப் பலகை. பார்க்க லொலிபொப் மாதிரி இருப்பதால் இங்கே எங்களை லொலிபொப் லேடி என்பார்கள். ஐம்பத்தாறு வயதில் கிடைத்த வேலை இது. அதற்கு முன் செய்த எந்த வேலையிலும் இத்தனை பேர் எனக்குக் காலை வணக்கம் சொன்னதில்லை. நான் கையை நீட்டினால் லொறி நிற்கும். வீட்டில் கையை நீட்டினால் ரிமோட்டைக்கூட யாரும் தருவதில்லை.

இரண்டாவது வருடக் குளிரில்தான் பிரச்சினை தொடங்கியது. நவம்பர் மாதத்தில் ஒரு காலை, முதலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

“அன்ரி, உங்கள் விரலில் சோக்குக்கட்டி பூசியிருக்கிறீர்களா?”

கேள்வி முழுக்க ஆங்கிலம். அன்ரி மட்டும் எங்கள் ஊர் உச்சரிப்பில்.

குனிந்து பார்த்தேன். நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து இரண்டாவது மூட்டு வரை மெழுகுதிரி போல வெளுத்துப் போயிருந்தன. அதற்குக் கீழே என் வழக்கமான மாநிறம். இரண்டுக்கும் நடுவில் யாரோ கோடு போட்டுப் பிரித்தது போல இருந்தது. விரலைக் கடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையை வைத்தபோது வெள்ளை நீலமாகி, நீலம் சிவப்பாகி, பிறகு ஊசியால் குத்துவது போல ஒரு வலி. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

என் கணவர் பஸ் சாரதி. ஹீட்டர் போட்ட பெட்டிக்குள் இருந்து லண்டன் குளிரைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறவர். அவர் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது ஒண்டுமில்லை. உமக்கு ரத்தம் காணாது. பீற்றூட் சாப்பிடும்.”

இரண்டு கிழமை பீற்றூட் கறி, பீற்றூட் சம்பல், பீற்றூட் ஜூஸ். நாக்குத்தான் சிவந்தது. விரல் வெளுப்பது நிற்கவில்லை.

பிறகு அந்த உறைபனிக் காலை வந்தது. சந்தையில் வாங்கிய கறுப்புக் கம்பளிக் கிளவுஸ் போட்டிருந்தேன். ஒரு டெலிவரி வானை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் போகச் சொன்னேன். கடைசிப் பிள்ளை மறுபக்க நடைபாதையில் கால் வைத்த அதே நேரம், தடி என் கையில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போனது. அடுத்த கணம் அது தார் ரோட்டில் படாரென்று விழுந்தது. வான் ஏற்கனவே நின்றிருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. சாரதிப் பையன் இறங்கிவந்து தடியை எடுத்துத் தந்துவிட்டு, “ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்டான். நான் தடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தடி விழுந்ததைக் கேள்விப்பட்டு மறுநாள் என் மேலதிகாரி வந்தார். நல்ல மனுசி. குறை சொல்லவில்லை. “இந்தக் குளிர் முடியும்வரை உள்ளே, சாப்பாட்டு மண்டபத்தில் உதவிக்கு வருகிறீர்களா?” என்று கேட்டார். பத்து வருடம் ஒரு கன்ரீன் குசினியில் நின்று வந்தவள் நான். மறுபடியும் தட்டுகளுக்கு நடுவில் போக விருப்பமில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டேன். சரி என்றார்.

அன்று பின்னேரமே டொக்டருக்குப் போன் பண்ணி, அடுத்த நாளுக்கு இடம் பிடித்தேன். டொக்டர் தமிழ்நாட்டுப் பெண், என் மகள் வயதிருக்கும். நடந்ததையெல்லாம் சொல்லி, போனில் எடுத்த படத்தையும் காட்டினேன்.

“பயப்படாதீங்கம்மா. குளிர் பட்டா விரலுக்குப் போற சின்ன ரத்தக் குழாயெல்லாம் டக்குன்னு சுருங்கிடுது. நிறைய பேருக்கு இருக்கு. எதுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்.”

“பீற்றூட் சாப்பிட்டால் சரிவருமோ, டொக்டர்?”

அவர் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. “பீட்ரூட் நல்லதுதான். ஆனா அதைக் கையில மாட்டிக்க முடியாதே!”

பிறகு நிதானமாகச் சொன்னார். கை குளிர்ந்த பிறகு கிளவுஸ் போட்டுப் பெரிதாகப் பிரயோசனமில்லை, வீட்டுக்குள்ளேயே கை சூடாக இருக்கும்போது போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். இறுக்கமாக இருக்கக் கூடாது. ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட மிட்டன்ஸ் நல்லது, நாலு விரலும் ஒரே அறைக்குள் இருந்தால் ஒன்றையொன்று சூடாக்கும். மிட்டன்ஸ் என்றதும் முகத்தைக் கீறிவிடாமல் இருக்கப் பிறந்த குழந்தைக்குப் போட்டுவிடும் அந்தக் குட்டிப் பைகள்தான் என் நினைவுக்கு வந்தன. ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. இனிக் கிளவுஸ் தேடுவதுதான் வேலை.

பீற்றூட் தோற்றுப்போனது என் கணவருக்கு ரோசமாகிவிட்டது. நான் கடைக்குக் கிளம்புவதற்குள் அவரே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். மெல்லிய தோல் கிளவுஸ், காப்பி நிறம்.

“இதைவிட நல்லது எங்கை கிடைக்கப்போகுது? போட்டுப் பாரும்.”

அழகென்றால் அப்படி ஒரு அழகு. கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் தோலுக்கு மேல் தோல் ஒட்டியது போல இறுக்கம். ரோட்டில் கால் மணித்தியாலத்தில் ஐந்து விரலும் வெளுத்துவிட்டன. முன்பு இரண்டுதான் வெளுத்துக்கொண்டிருந்தன.

அடுத்தது பற்றரிக் கிளவுஸ். இணையத்தில் தேடி வரவழைத்தார். இரவெல்லாம் சார்ஜ் ஏற்ற வேண்டும். புறங்கையில் ஒரு பொத்தான். அமத்தினால் சிவப்பு வெளிச்சம், இன்னொருமுறை அமத்தினால் பச்சை. முதல் பத்து நிமிடம் சொர்க்கம். பிறகு இடது கை பற்றரி செத்துவிட்டது. ஒரு கை யாழ்ப்பாணத்திலும் மற்றக் கை லண்டனிலும் இருப்பது போல நின்றேன். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். “அன்ரி, பச்சையாக்குங்கோ!” என்று ரோட்டோரத்தில் நின்று கத்தினார்கள். ஒருவன் பச்சை எரியும் வரை கடக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அவன் அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பற்றரிக் கிளவுஸ் வீட்டுக்குப் போனது.

“இனி நீங்கள் ஒண்டும் வாங்கவேண்டாம். சனிக்கிழமை என்னோடை வாங்கோ, காணும்” என்றேன்.

நோர்தேர்ன் லைன் ரெயினில் நகரத்துக்குப் போனோம். மலையேறுகிறவர்களுக்கான கடை ஒன்று. கூடாரங்கள், கயிறுகள், சப்பாத்துகள். கிளவுஸ் பகுதியில் மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றார், அறுபது வயதிருக்கும். என் கணவர் முந்திக்கொண்டு, உங்களிடம் இருப்பதிலேயே ஆகச் சூடானதைக் காட்டுங்கள் என்றார். அந்தப் பெண் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“கையால் என்ன வேலை செய்வீர்கள்?”

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. தடி பிடிக்க வேண்டும், உள்ளங்கையைக் காட்டி வாகனத்தை நிறுத்த வேண்டும், சில நேரம் ஒரு பிள்ளையின் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மூன்று சோடி மிட்டன்ஸை எடுத்து வைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு கூடாரக் கம்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

“நிறுத்திக் காட்டுங்கள்.”

முதல் சோடியை மாட்டிக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என் கணவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. சப்பாத்து அடுக்குகளின் பக்கம் போய்த் திரும்பி நின்று, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பஸ். வாறன், நிப்பாட்டும்!”

உறுமிக்கொண்டே வந்தார். நான் கம்பை ஊன்றிக் கையை நீட்டினேன். கம்பு வழுக்கியது. முதல் சோடி சரிவராது. இரண்டாவது சோடி பனிச்சறுக்குக்காரருக்கானது, தலையணைக்குள் கையை விட்டதுபோல தடிப்பு. கம்பைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கடைக்காரப் பெண், யாரும் கேட்காமலே, ஒரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையாக வந்து நின்றார்.

மூன்றாவது சோடிக்கு உள்ளங்கையில் சொரசொரப்பான ரப்பர். வெளித்துணி காற்றை விடாது. நீளமான கை, மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் பாதிவரை வரும். உள்ளே தனியாக ஒரு மெல்லிய கம்பளிக் கிளவுஸ். மிட்டனைக் கழற்ற வேண்டி வந்தாலும் கை வெறுமையாகாது. உள்ளே விரலை மடக்கி நீட்டச் சொன்னார், தாராளமாக அசைந்தது. பஸ் வந்தது. நான் கம்பை ஊன்றிக் கையை நீட்டினேன். பஸ் நின்றது.

“பிரேக்கைப் பாத்தீரோ? ஒரு சனமும் ஆடயில்லை” என்றார் என் கணவர்.

கூடிநின்றவர்கள் கைதட்டினார்கள். கடைக்காரப் பெண் ரோட்டைக் கடந்து போனார்.

ஒரே ஒரு குறை. என் அளவில் கடும் மஞ்சள்தான் இருந்தது. “கறுப்பில இல்லையோ? கோழிக்குஞ்சு மாதிரியெல்லோ கிடக்கு” என்று என் கணவர் தமிழில் முணுமுணுத்தார். நான் அதை மொழிபெயர்த்தேன். “ரோட்டின் நடுவில் நிற்கும் கோழிக்குஞ்சை எந்தச் சாரதியும் பார்க்காமல் போகமாட்டான்” என்றார் அந்தப் பெண். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: உடம்பு குளிர்ந்தால் கையில் இருக்கும் சூட்டையும் உடம்பு இழுத்துக்கொள்ளும், அதனால் கோட்டுக்குள்ளும் சூடான உடுப்புப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ரெயினில் திரும்பி வரும்போது என் கணவர் மிட்டன்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எதிர்ச் சீற்றைப் பார்த்தபடி சொன்னார்:

“நான் பீற்றூட்டோடை நிண்டிருக்கக் கூடாது. அப்பவே உம்மை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்.”

கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். அவர் பிழையை ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஓம்” என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

திங்கட்கிழமை நல்ல பனி. டொக்டர் சொன்னபடி குசினிக்குள் நின்றே மிட்டன்ஸ் போட்டேன். போட்ட பிறகுதான் கோட்டைப் பூட்ட முடியாது என்று தெரிந்தது. அவருக்கு அன்று பின்னேர ஷிப்ட். சாரம் கட்டியபடியே எழுந்துவந்து கோட்டைப் பூட்டி, தொப்பியைச் சரிசெய்து, தடியைக் கையில் தந்து, கதவைத் திறந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரித்தான்.

வேலை முடிந்ததும் மதில் பக்கமாகத் திரும்பி நின்று மிட்டனையும் உள்ளிருந்த கம்பளிக் கிளவுசையும் கழற்றிப் பார்த்தேன். பத்து விரலும் மாநிறம். மேலதிகாரி அந்தக் கிழமைக் கடைசியில் வந்து கால் மணித்தியாலம் நின்று பார்த்தார். சாப்பாட்டு மண்டபத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விரல் வெளுப்பது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது அது வருவது ரோட்டில் அல்ல, தமிழ்க் கடையில், உறைந்த மீன் பெட்டிக்குள் கைவிடும்போது. போன கிழமை ரூட்டிங்கில் உள்ள கடையில் அந்த மெல்லிய கம்பளிக் கிளவுசை மாட்டிக்கொண்டு பாரை மீன் பொதிகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். கடைக்கார அண்ணை கல்லாவிலிருந்து கூப்பிட்டார்:

“என்ன தங்கச்சி, மீனுக்கு ஒப்பரேசனோ?”

“ஓம் அண்ணை” என்றேன். “ஆள் தப்புறது கஷ்டம்.”