துலிப் வயலில் வைத்துக்கொண்ட பூ

பூ பார்க்க வெளிநாடு போகலாம் என்று என் கணவர் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தலையில் பூ வைப்பதையே விட்டுவிட்டவளைப் பூ பார்க்கக் கடல் தாண்டிக் கூட்டிப்போக இவருக்குத்தான் தோன்றும். வயிற்றில் ஒரு குழந்தை தங்கிய பிறகுதான் பூ வைப்பேன் என்று எங்கள் தெரு மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். சிகிச்சை தொடங்கிய புதிது அது. சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் செய்த வேண்டுதல்.

அதன் பிறகு மருத்துவமனை மாறியது, டாக்டர் மாறினார், ஊசி மாறியது. என் தலை மட்டும் மாறவில்லை. கல்யாண வீடுகளில் பூத்தட்டு என் பக்கம் வரும்போதெல்லாம் அத்தை, அதாவது என் மாமியார், முந்திக்கொண்டு காரணம் சொல்லித் தட்டை அடுத்தவரிடம் அனுப்பிவிடுவார். என்மேல் இருந்த பாசத்தில்தான் செய்தார். ஆனால் கேட்காதவர்களுக்கும் சேர்த்து விஷயம் தெரிந்துவிடும். புதுச்சேரியில் எங்கள் சொந்தத்தில் என் வயிற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வருடம் மாசியில் வைத்த கருவும் தங்கவில்லை. அடுத்தது எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார் இவர். வெளியே வந்து வண்டியில் சாவியைப் போட்டவர், கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னால் அவர் ஆசையில் மண்ணைப் போட்டவள் ஆவேன். அவர் சொன்னால் என்னைக் கைவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று அவர் பயந்திருக்க வேண்டும். ஆக இரண்டு பேருமே சொல்லவில்லை. அதற்குப் பதிலாக விசா வாங்கினோம்.

பாரிசுக்குப் பக்கத்தில் என் நாத்தனார் இருக்கிறாள். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே யாராவது ஒருவர் உண்டு. ஏப்ரல் மாதம் வந்தால் அங்கிருக்கும் நம் ஆட்கள் பஸ் பிடித்து ஹாலந்துக்குத் துலிப் பார்க்கப் போவார்களாம். அவளுக்கு வேலைக்கு லீவு கிடைக்கவில்லை. விடியும் முன்பே எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பொழுது விடிவதற்குள் பஸ் முழுக்கப் புளிசோற்று வாசனை. பக்கத்து சீட்டு அம்மா எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இல்லை என்றேன். கேட்டதற்குப் பரிகாரம் மாதிரி என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தார். ஐரோப்பா வந்தும் தப்பிக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது.

வயல் அழகுதான், பொய் சொல்லக்கூடாது. புடவைக் கடையில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டதை யாரும் மடித்து வைக்காமல் விட்ட மாதிரி சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை கிடந்தது. எல்லோரும் படம் எடுக்க ஓடினார்கள். எனக்கு நடக்கவே தெம்பில்லை. மாசியிலிருந்தே அப்படித்தான், தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரி. காற்று வேறு காதைக் கிழித்தது. வரப்போரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் அறுத்த பூக்கள் காம்பே இல்லாமல் குவிந்து கிடந்தன. இவர்கள் விற்பது கிழங்கைத்தானாம். பூவை வெட்டி எறிந்தால்தான் கிழங்கு பெருக்குமாம். பஸ்ஸில் வந்த வழிகாட்டி அதைத் தமிழில் விளக்கிவிட்டு, வயலுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது, குவியலில் கிடப்பதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். இத்தனை பூவும் குப்பை என்பதை என்னால் நம்பமுடியவில்லை.

இவர் குவியலைக் கிளறி, வாடாத சிவப்புப் பூ ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் நின்றார்.

"வெச்சுக்கோ."

வேண்டுதல் இருப்பது மறந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மறக்கல. போதும்மா. நிறுத்திடலாம். இனிமே உன்ன அந்த ஊசியோட பாக்க என்னால முடியாது."

முதலில் வந்தது கோபம். ஊசி போட்டுக்கொண்டது நான், முடியாது என்று சொல்வது இவரா என்று இருந்தது. அந்தக் கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இந்த வார்த்தையை யாராவது சொல்லமாட்டார்களா என்று எவ்வளவு காலமாகக் காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அழுதேன். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை, அப்படி ஒரு அசதி. தலையைத் திருப்பிக் காட்டினேன். காம்பில்லாத பூவை க்ளிப்பில் மாட்ட அவர் பட்ட பாட்டில் முடி பிய்ந்ததுதான் மிச்சம். ஒருவழியாக மாட்டிவிட்டு ஒரு படமும் எடுத்தார்.

அந்தப் படத்தை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். காலையிலிருந்து பஸ், புளிசோறு, பாலம் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தவர், அதே கையோடு இதையும் போட்டார். என் தலையில் பூ ஏறினால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்பது அவருக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. போன் துடிக்க ஆரம்பித்தது. அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்றார் பெரிய மாமா. இதற்காகத்தான் திடீரென்று வெளிநாடா என்று ஒருத்தி கிண்டல் செய்திருந்தாள். எத்தனையாவது மாதம் என்று கேட்டிருந்தாள் இன்னொருத்தி. இவர் வெளிறிப்போய்ப் போனை என்னிடம் நீட்டினார். அதற்குள் அத்தை கூப்பிட்டுவிட்டார்.

எங்களுக்கு மதியம், ஊரில் கோயில் நடை திறக்கும் சாயங்கால நேரம். படத்தைப் பார்த்ததும் கட்டியிருந்த புடவையோடு மாரியம்மன் கோயிலுக்கு ஓடிவந்துவிட்டதாகவும், அர்ச்சனைத் தட்டோடு நிற்பதாகவும் மூச்சு வாங்கச் சொன்னார். குரல் குழந்தைக் குரல் மாதிரி இருந்தது. அந்தக் குரலை உடைக்க எனக்கு மனசே இல்லை. இவரிடம் போனைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அப்படி ஒன்றும் இல்லை அத்தை என்றேன்.

பின்னால் மணி அடித்து ஓய்ந்தது.

"அப்ப பூவு ஏம்மா வெச்ச?"

"நிறுத்திட்டோம் அத்தை. அவரு போதும்னுட்டாரு. எனக்கும் போதும்."

திட்டுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று நினைத்தேன். சாமி குத்தம் என்பார், பூவைக் கழற்றச் சொல்வார் என்று பயந்தேன். அது எதுவும் நடக்கவில்லை. அவர் போனையும் வைக்கவில்லை. அப்போது பூசாரியின் குரல், யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டது. பூசாரி திரும்பவும் கேட்டார். அத்தை தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன்.

அத்தை என் பேரைச் சொன்னார். பூரட்டாதி நட்சத்திரம் என்றார்.

"மருமக சாமி. ரொம்ப அலுத்துப்போயிருக்கா. அவளுக்குப் பண்ணுங்க."