நூற்று நாற்பது நாற்காலிகள்

சபையில் அவளை எல்லோரும் நாற்காலி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் பிழைப்பு. ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் ஆராதனைக் கூடத்தைத் திறந்து, பெருக்கி, நூற்று நாற்பது மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டுவிடுவாள். அதை ஊழியம் என்று அவள் சொல்லிக்கொண்டதே இல்லை.

“நான் பாடினா பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் ராகம் தப்பிடுது. ஜெபம் பண்ண எழுந்தா நாக்கு ஒட்டிக்குது. கை கால் நல்லா இருக்கு, அதைக் கொண்டு வர்றேன்” என்பாள்.

இரட்டைக் குழந்தைக்காரிக்கு வாசலோரம், முழங்கால் வலிக்காரருக்குச் சுவரோரம் என்று அவளுக்கு எல்லாம் அத்துப்படி. ஆகவே, எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவள் மட்டும் கண்ணைத் திறந்து, எந்த நாற்காலி காலி என்று பார்ப்பாள். ஆராதனை முடிந்ததும் அந்த வீடுகளுக்கு ஒரு போன். “சும்மாதான் கூப்பிட்டேன், நல்லா இருக்கீங்களா?” அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக.

ஒரு ஞாயிறு, இரண்டாம் வரிசையில் தூணோரம் காலியாக இருந்தது. கைக்கடிகாரங்கள் பழுது பார்க்கும் பெரியவரின் இடம் அது. மனைவி போனபின் தனியாக இருப்பவர். போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

“ஏங்க, கடிகாரக்காரரைக் காணோம்” என்றாள் கணவனிடம். அவன் பஸ் ஓட்டுநர், பசியோடு நின்றிருந்தான்.

“தூங்கியிருப்பாரும்மா.”

“அவரா? மணி தவறி ஒரு தும்மல்கூடப் போடமாட்டார். வண்டியை எடுங்க.”

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசலில் அன்றைய செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எங்கேயோ, குழாயை மெல்லத் தட்டுகிற சத்தம். கணவன் தோளால் மூன்று முட்டு முட்டியதில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு வந்தது. குளியலறையில், முந்தின நாள் மத்தியானமே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார் பெரியவர்.

“மணி என்னம்மா?” என்றார் முனகலாக.

“பன்னிரண்டேகால் ஐயா.”

அவள் மணிக்கட்டை இழுத்துப் பார்த்தார். “நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது.”

அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த மாத சபைச் செய்தி மடலில், ‘போதகரின் துரித முயற்சியால் முதியவர் காப்பாற்றப்பட்டார்’ என்று வந்திருந்தது. கணவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கதவை உடைச்சது என் தோளு! பேரு அவருக்கா?”

போதகரே சங்கடத்தோடு வந்தார். “நான் எழுதச் சொல்லலை அக்கா. வர்ற ஞாயிறு மேடையிலயே உங்களைப் பத்தி சொல்லிடுறேன்.”

“ஐயோ வேண்டாம் பாஸ்டர்! அப்புறம் நான் போன் பண்ணா, ஆஜர் எடுக்கிறேன்னு பயந்துடுவாங்க. இப்ப என்னைப் பெரிய ஆளா நினைக்காததாலதான் மனசு விட்டுப் பேசறாங்க.”

போதகர் மேடையில் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூரையைப் பிரித்து நோயாளியை இயேசுவின் முன் இறக்கிய நாலு பேரைப் பற்றிப் பிரசங்கித்தார். அந்த நாலு பேருக்கும் பெயரே இல்லை என்று சொல்லி, ஒரு நொடி அவள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையைப் பார்த்தார். அவளோ தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கணவனிடம் கேட்டாள்: “பிரிச்சது சரி. அப்புறம் அந்தக் கூரையைத் திரும்ப யாரு மேய்ஞ்சிருப்பா?”

சில மாதம் கழித்து அவளுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அந்த ஞாயிறு வேறு யாரோ நாற்காலி போட்டார்கள். இரட்டைக் குழந்தைக்காரி நடு வரிசையில் மாட்டிக்கொண்டு விழித்தாள். ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை.

மத்தியானம் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கைத்தடியோடு, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார் கடிகாரக்காரர்.

“ஐயா! இந்த இடுப்போட எதுக்கு ஏறி வந்தீங்க?”

“உன்னைக் காணோமேம்மா” என்றார். “போன் பண்ணலாம்னா உன் நம்பரை நான் குறிச்சு வைக்கலை. யாருமே வைக்கலை. நீதானே எல்லாரையும் கூப்பிடுவே.”

கணவன் சட்டென்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ போட உள்ளே போனான்.

பெரியவர் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். “இன்னிக்கு நாலு பேர் வரலை. ஜெப நேரத்துல கண்ணைத் திறந்து பார்த்துட்டேன். தப்பில்லையே?”

“தப்பே இல்லை ஐயா” என்று போனை எடுத்தாள் அவள். “ஆளுக்கு ரெண்டு. எங்கே, முதல் பேரைச் சொல்லுங்க.”