முத்துக்கனி என்று கூப்பிட்டபோது

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்; யாருடைய காலையும் பிடித்து நம்பவைக்க எனக்குத் தேவையில்லை. நடுநிசி கிடையாது, சுடுகாடு கிடையாது. 2011 ஜூன், செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டர்.

அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. அது அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் வைத்தியமே. துணைக்கு வந்தவள் அப்பாவின் தங்கை, என் மாமி. கருங்கல் என்ற ஊரில் கட்டிக் கொடுத்தது.

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை துபாயில். அவர்கள் காதுக்குப் போய்விடக் கூடாதென்று, கவுண்டரில் அம்மாவின் பெயரைச் சொல்ல மாமி விடவில்லை.

“முத்துக்கனின்னு எழுதுங்க.”

“அது ஆரு மாமி?”

“ஒரு பேரு. சும்ம இரிட்டி.”

குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு அதனால்தான்.

சரியாக 2.40.

“முத்துக்கனி!”

நாங்கள் எழுவதற்குள் மூலையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். சிவப்புக் கரைத் துவர்த்தை, தலை துவட்டும் துண்டை, இடது மார்போடு அமுக்கிப் பிடித்திருந்தாள். துணி நனைந்து ஒட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் அறைக்குள் போனாள். கூடவே ஒரு நாற்றம்... மீன் நாற்றம் எனக்குப் பழக்கம். புதுக்கடைச் சந்தைக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். இது வேறு. ஆறாத புண்ணில் மஞ்சளை அப்பி மூடிவைத்த நாற்றம்.

அம்மாவும் மாமியும் அவளைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பின்னாலேயே போனோம். உள்ளே டாக்டர் மட்டும் இருந்தார்.

வேறு கதவு இல்லை.

விளக்கை அணைத்தார். அம்மா படுத்தாள். திரையில் ஒரு கறுப்பு உருண்டை.

“நல்ல நெறின்னா அவரைவிதை மாதிரி, நடுவுல வெள்ளையா தெரியும். இது உருண்டு கறுத்திருக்கு. ஊசி போட்டுப் பாக்கணும்.”

“வேண்டாம் டாக்டரே,” என்றாள் மாமி. “ஊசி குத்தினா உடம்பு பூரா பரவும். எழும்புங்க மைனி, போவோம்.”

“அப்படியெல்லாம் பரவாது மாமி.”

“பி.எஸ்சி படிச்சா நீ டாக்டராட்டி?”

அம்மா எழும்பப் பார்த்தாள்.

முடியவில்லை.

“எழும்பாத...”

சளி கட்டிய குரல். நான் சொல்லவில்லை. மாமியும் சொல்லவில்லை.

நாற்றம் இப்போது கட்டிலின் தலைமாட்டில் நின்றது.

மாமி பின்னால் நகர்ந்து கதவில் முட்டிக்கொண்டாள்.

“குத்துங்க டாக்டர்,” என்றாள் அம்மா.

2.58. ஊசியின் விசை சொடுக்கியது. டக்.

2.59. டக்.

3.01. டக்.

விளக்கு எரிந்தது. தலைமாட்டில் யாரும் இல்லை. அம்மாவின் தோளில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள். ஈரமாக இருந்தது. பஞ்சால் துடைத்தேன். பஞ்சு நாறியது. சதைத்துணுக்குகள் மிதந்த பாட்டிலை லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். மாடிப்படியிலேயே வாந்தியெடுத்தேன்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தது. தெரிந்ததால் அதற்கேற்ற வைத்தியம் நடந்தது. அம்மா இன்றும் இருக்கிறாள். துபாய்க்காரன் போனான், போகட்டும்.

ரிப்போர்ட்டில் பெயரைத் திருத்தப் போகும் முன் யார் அந்த முத்துக்கனி என்று மாமியைப் பிடித்து உலுக்கினேன். சொன்னாள்.

“எனக்க ஓரகத்தி. செத்து ரெண்டு வருசமாச்சு. செத்தவளுக்கு என்ன மானக்கேடுன்னுதான் அவ பேரச் சொன்னேன்...”

முத்துக்கனியும் அதே ஸ்கேன் சென்டருக்கு, அதே ஊசிக்கு வந்தவள். பரவிவிடும் என்று அந்தக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனது மாமிதான். மார்பு வெடித்தது. மஞ்சளை அப்பினார்கள். நாற்றம் தாங்காமல் விறகுப் புரையில் கிடத்திக் கதவைச் சாத்தினார்கள்.

துவர்த்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமியாகவே சொன்னாள்.

“புண்ணு ஒழுகிட்டே இருந்துதுட்டி... சிவப்புக் கரைத் துவர்த்து ஒண்ண நெஞ்சில கெட்டித்தான் குழில வச்சோம்.”