லெந்து நாளில் கருப்பட்டி

ஜப்பானுக்கு அனுப்பும் கருப்பட்டிப் பெட்டிக்கான ஆங்கில வாசகத்தை ஜப்பானிய மொழியில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். ‘ரிச்’ சுவை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஜப்பானியத்தில் அடர்த்திக்கு ஒரு சொல், ஆழத்துக்கு ஒன்று, ஆடம்பரத்துக்கு வேறொன்று. எழுதி எழுதி அழித்து அலுத்துப்போனது.

சொல் அமையவில்லை என்று போனில் சொன்னதும், திருநீற்று நெற்றியோடு கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“லோடு காத்துக்கெடக்கும்மா. எந்தச் சொல்லுன்னு தின்னு பாத்தியளா?”

“லெந்து நோன்பு நாள், அண்ணாச்சி. ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு தொடமாட்டேன்.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்து, “ஏலே, லோடு இப்பம் ஏத்தாண்டாம். ஈஸ்டர் கழியட்டும்” என்றார்.

இனிப்பை விட்டதைப் பெரிய தியாகமாக நினைத்திருந்தேன். அன்றைய ஜெபத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.