கொல்லம் 1127

வியாழக்கிழமை, காலை 7.50. முந்தைய நாள் எழும்பூரில் ஏறிய செங்கோட்டை வண்டி தென்காசியில் எங்களை இறக்கிவிட்டபோது சாரல் தூறிக்கொண்டிருந்தது. நான், என் மனைவி சாந்தி, இரண்டு பைகள், அப்புறம் என் நீல நிறக் கோப்பு. கோப்பை மட்டும் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினேன்.

“நம்ம பையன் பிறந்தப்பகூட அவனை இப்படி நீங்க தூக்கினதில்லை” என்றாள் சாந்தி.

என்ன தேடி வந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா சுப்பையாவுக்கு வயது எண்பது. மூன்று வயதில் அவருடைய அம்மா செங்கோட்டையில் இறந்துபோனார். தாத்தா, பிழைப்புக்காக அப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டு பெரம்பூருக்கு மில் வேலைக்கு வந்துவிட்டார். பன்னிரண்டு வயது அக்கா பேச்சியம்மாளை மைத்துனர் மாடசாமி வீட்டிலேயே விட்டுவிட்டார். பிறகு இரு வீட்டுக்கும் ஏதோ மனத்தாங்கல், போக்குவரத்து நின்றுபோனது. அப்பாவின் பத்தாவது வயதில் தாத்தாவும் கண்ணை மூடினார். மிஞ்சியது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு கடிதத் துண்டு. செங்கோட்டையிலிருந்து மாடசாமி எழுதியது. அதில் ஒரே ஒரு வரிதான் முழுசாக இருந்தது: ‘தங்கள் மகள் பேச்சியம்மாள் கொல்லம் 1127’. அதோடு காகிதம் கிழிந்திருந்தது.

செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு ரயில் போகிறது. அப்புறம் என்ன சந்தேகம்? அக்காவைக் கொல்லத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், கதவு எண் 1127. செங்கோட்டையில் மாடசாமியைத் தெரிந்தவர் யாரும் மிஞ்சவில்லை. அப்பா விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று முறை கொல்லத்துக்குப் போய் வீதி வீதியாக அலைந்தார். ஒரு தெருவில் அந்த எண்ணில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருந்தார். பாவம், அப்பா அழுததைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் நான் புறப்பட்டேன். அக்கா எப்படி வாழ்ந்தாள் என்று தெரிந்துகொள்ளாமல் போய்விடுவோமோ என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

எனக்கு ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருட வேலை. ஆணி என்றாலும் அதற்கு ஓர் எண் உண்டு, எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டை உண்டு. குடும்ப விருட்சம் எழுத உட்கார்ந்தபோதும் அதே முறைதான். ஒவ்வொரு காகிதத்துக்கும் எண். முன்பக்கப் பட்டியலில் அது என்ன, எங்கே கிடைத்தது, சொன்னவர் யார் என்று மூன்று கட்டங்கள். பக்கம் பிரிக்க வண்ண அட்டைத் தாவல்கள்: உறுதியானது பச்சைத் தாவலில், சந்தேகமானது மஞ்சளில், நமக்குச் சம்பந்தமில்லாதது சிவப்பில். தேடிக் கிடைக்காததற்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் தேடியதையே திரும்பத் தேடிக்கொண்டிருப்போம். சிவப்பில் போட்டதைக்கூடக் குப்பையில் போடமாட்டேன். வீட்டில் இதற்காக நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம்.

காலை 8.30. குற்றாலம் ஆறு கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டுநர் இசக்கி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

“இங்கன ரெண்டு நாளு இருந்து குளிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. சீசன் இப்பம்தான் சூடு பிடிக்குது. நாளைக்கு எங்க?”

“கொல்லம்.”

“குளிக்க வந்துட்டு யாராச்சும் கொல்லத்துக்குப் போவாவளா?” என்று சாந்தியைப் பார்த்துக் கேட்டார். சாந்திக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

அறை வாடகை ஆயிரத்து நானூறு. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. பேரருவிக்குப் போகும் வழியில் ஓர் எண்ணெய்க்காரர் என்னை மடக்கி, முந்நூற்றைம்பது ரூபாய்க்குப் பலகையில் உட்கார வைத்து முதுகில் தாளம் போட்டார். எந்த ஊர் என்று கேட்டார். எப்போதும் ஆவடி என்றுதான் சொல்வேன். அன்றைக்கு என்னையறியாமல் “பூர்வீகம் செங்கோட்டை” என்று வந்துவிட்டது. “அப்பம் நம்ம ஆளுதான்!” என்று முதுகில் இன்னும் நான்கு போட்டார். எலும்பு வலித்தாலும் மனசு குளிர்ந்தது. அருவிக்குக் கீழே அத்தனை நெரிசல். பத்து பேர் தோளுக்கு நடுவில் தலையை நீட்டித்தான் தண்ணீர் வாங்க முடிந்தது.

காலை 11.40. தென்காசி, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசை. பத்திரம் எழுதும் ஷகிலாவின் கடை ஒரு கணினி, ஒரு நகல் எடுக்கும் இயந்திரம், மூன்று நாற்காலிகளோடு முடிந்துவிடும். முப்பது வயது தாண்டியிருக்காது. ஆறு மாதமாகச் செங்கோட்டையின் பழைய பத்திரங்களுக்கு நகல் எடுத்து அனுப்பியவர் இவர்தான். போனிலேயே பேசிக்கொண்டிருந்தோம், நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை. கடைசி நகலை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் திட்டம்.

“அந்த அட்ரஸ் காயிதத்தைக் காட்டுங்க அண்ணாச்சி, பார்ப்போம்” என்றார்.

காகிதம் எண் 1. உறையோடு நீட்டினேன். அவர் பார்த்தார். கதவருகே வெளிச்சத்தில் போய் நின்று மறுபடி பார்த்தார். திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

“இதையா அட்ரஸ்னு சொல்லுதீங்க?”

“ஆமாம்மா. கொல்லம், கதவு எண்…”

“கொல்லம்னா இதுல ஊரு இல்ல அண்ணாச்சி. வருஷம்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே பத்திரத்திலும் கடிதத்திலும் கொல்லம் ஆண்டைத்தான் போடுவார்கள். காகிதம் கிழிந்த ஓரத்தில், 1127 முடியும் இடத்தில் ஒரு சுழி இருந்தது. அதை நாங்கள் அறுபது, எழுபது வருடமாக மை தெறித்த கறை என்று நினைத்திருந்தோம். அது வருடத்துக்குப் போடும் ௵ குறியின் முன்பாதி.

“எண்ணூத்தி இருபத்தி நாலைக் கூட்டுங்க” என்றார் ஷகிலா. “ஆவணியிலதான் அந்த வருஷம் பொறக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு.”

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ரொட்டிக்கடைக்காரரை நினைத்தேன். ஒரு வருடத்தின் கதவைத் தட்டுவதற்காக அப்பா மூன்று தடவை ரயில் ஏறியிருக்கிறார்.

ஷகிலா அதற்குள் என் பட்டியலைப் படித்துவிட்டார். ‘காகிதம் 1. அத்தை கொல்லத்தில், கதவு எண் 1127. சொன்னவர்: அப்பா.’

“கோவிச்சுக்கிடாதீங்க. காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு நீங்க எழுதல. நீங்க என்ன நெனச்சீங்களோ அதைத்தான் எழுதியிருக்கீங்க.”

காது சூடாகிவிட்டது. பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதை எழுது, உள்ளே என்ன இருக்கும் என்று நினைப்பதை எழுதாதே என்று ஸ்டோர்ஸில் எத்தனை பேரைக் கடிந்துகொண்டிருக்கிறேன்! என் வீட்டுப் பெட்டியில் நான் அதே தவறைச் செய்திருக்கிறேன்.

“சரி, அந்த வருஷத்துக் காயிதம் வேற ஏதாச்சும் இருக்கா?”

கை தானாகச் சிவப்புத் தாவலுக்குப் போனது. எண் 38, மாடசாமி எழுதிக்கொடுத்த தானப் பத்திரம். ‘என் மகள் பேச்சியம்மாள்’ என்ற சொல்லைக் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டு, ‘இது மாடசாமியின் சொந்த மகள், வேறு பேச்சியம்மாள்’ என்று குறித்து ஒதுக்கியிருந்தேன். இந்தப் பக்கம் கூப்பிட்டால் வீட்டுக்கு ஒரு பேச்சியம்மாள் திரும்பிப் பார்ப்பாள். கையெழுத்தும் கோழி கிண்டியது மாதிரி. நான் முழுசாகப் படிக்கவே இல்லை.

ஷகிலாவுக்கு அந்தக் கையெழுத்து ஒரு பொருட்டே இல்லை. விரலை ஓட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். “கொல்லம் ஆயிரத்து நூற்று இருபத்தேழாம் ஆண்டு ஆவணி மாதம்… காலஞ்சென்ற என் சகோதரியின் மகளும், என் மகளாக வளர்ந்தவளும், சுந்தரபாண்டியபுரம் சங்கரலிங்கம் மனைவியுமான பேச்சியம்மாளுக்கு…”

நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அண்ணாச்சி, உங்க அத்தை இந்தா இங்கன இருக்க ஊருலதான் வாக்கப்பட்டிருக்காவ!”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தேன். யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. ஷகிலா கடையைப் பூட்டிவிட்டு வரத் தயாராக இருந்தார். நல்லவேளை, கிரயப் பத்திரம் எழுத ஒருவர் வாசலில் வந்து நின்றதால் அவர் பிழைப்பு கெடவில்லை.

பகல் 1.30. இசக்கியின் ஆட்டோவையே பிடித்தோம், போய்வர ஐந்நூறு ரூபாய். பத்து கிலோமீட்டர் சொச்சம்தான், எனக்குப் பத்து நாள் மாதிரி இருந்தது. சுந்தரபாண்டியபுரத்தை நெருங்கும்போது இரண்டு பக்கமும் சூரியகாந்தி. சாலையோரம் காரை நிறுத்தி ஊரே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. சாந்தியும் போனை எடுத்தாள். “நாளைக்கு, நாளைக்கு” என்று அதட்டிவிட்டேன். இசக்கிக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் வேகமும் கூடிவிட்டது.

டீக்கடையில் கேட்டோம். “சங்கரலிங்கம் வீட்டுப் பேச்சியம்மாளா? கணபதி அண்ணாச்சியோட அம்மைல்லா அது. நேர போயி, டவர்ட்ட இடது பக்கம் திரும்புங்க.”

வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர் வாசலில் உர மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். எழுபதுக்குப் பக்கத்தில் வயது. ஆட்டோவிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்தார். என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், வாயில் வந்தது இவ்வளவுதான்.

“நான் சுப்பையா மகன்” என்றேன்.

எந்தச் சுப்பையா என்று அவர் கேட்கவில்லை. மூட்டையைக் கீழே விட்டார். “எங்க மாமாவா? மாமா இருக்காவளா?”

“இருக்கார். ஆவடியில்.”

“ஏட்டி, வெளிய வா! மாமா இருக்காவளாம்!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அத்தை ஒன்பது வருடத்துக்கு முன்பு காலமாகிவிட்டார் என்று அவர் சொன்னார். இத்தனை வேகமாக ஓடிவந்ததெல்லாம் ஒன்பது வருடம் தாமதம். சுவரில் மாட்டியிருந்த படத்தில் அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாலை 3.15. சாந்திதான் அப்பாவுக்குப் போன் போட்டு, பக்குவமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொல்லம் என்பது வருடம் என்றாள், அக்கா இல்லை என்றாள். எல்லாம் கேட்டுவிட்டு அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். “என் பேரை எப்பவாச்சும் சொன்னாளாமா?”

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. கணபதி அத்தான் உள்ளே போய், பீரோவிலிருந்து பழுப்பேறிய மூன்று கல்யாண அழைப்பிதழ்களைக் கொண்டுவந்தார். அவருடையது, அவர் தம்பியுடையது, தங்கையுடையது. மாமா, சித்தப்பா, அத்தை என்று வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர். அச்சன்புதூர், கடையம், ஆலங்குளம். மூன்றிலும் தாய்மாமன் என்ற இடத்தில் ஒரே பெயர்தான் இருந்தது. ‘ச. சுப்பையா.’ எதிரே ஊர் இல்லை, வெற்றிடம்.

“கேக்குதா மாமா?” என்று போனில் வாசித்தார் அத்தான். “ஆளு எங்கன்னே தெரியாது, பேரு எதுக்குன்னு சொந்தக்காரன்லாம் கேட்டான். எம்பிள்ளைக்கு மாமன் இல்லன்னு எவனும் சொல்லக்கூடாதுன்னு எங்கம்மை ஒத்தக் கால்ல நின்னு போட வச்சா. பேரப்பிள்ளைய கலியாணத்துக்குத் தாத்தான்னு போட்டிருக்கோம். வர்ற ஆவணியில எம்மவன் கலியாணம், அதுலயும் போடத்தான் போறோம். இப்பம் ஊரு தெரிஞ்சு போச்சு. என்ன ஊருன்னு போட மாமா?”

அப்பா போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டோம், எடுக்கவில்லை. என் மகன்தான் எடுத்து, “தாத்தா அழுதுட்டு இருக்காரு, அப்புறம் பேசுங்க” என்றான்.

வெள்ளிக்கிழமை, மாலை 5.50. தென்காசி ரயில் நிலையம். கொல்லம் போகவில்லை. காலையில் சாந்திக்கு வேண்டிய மட்டும் சூரியகாந்தியில் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். கோப்பில் காகிதம் 38 பச்சைத் தாவலுக்குப் போனது. பட்டியலில் காகிதம் 1-க்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டு, அதில் உள்ள எழுத்தை உள்ளபடியே எழுதினேன். அத்தான் வழியனுப்ப வந்திருந்தார், கையில் ஒரு சாக்குப் பை நிறையத் தேங்காய். ஆவடியில் எங்கள் மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது. இங்கே இருபத்தெட்டு மணி நேரத்தில் பதினேழு பெயர்கள், பதினேழும் எனக்கு உறவு. ரயில் ஏற மனசே இல்லை.

“அச்சாபீஸ்ல ஊரைக் கேட்டு ரெண்டு தடவை போன் பண்ணிட்டான் மாப்ள” என்றார் அத்தான். “மாமா ஒண்ணும் சொல்லலியே.”

அப்போதுதான் என் போன் அடித்தது. அப்பா. தெளிவாகப் பேசினார்.

“ஊர் எதுவும் வேணாம்னு சொல்லுடா. எங்க இருக்கேன்னு தெரியாதவனுக்குத்தானே ஊர் வேணும்? பத்திரிகையைப் படிக்கிறவன் நிமிர்ந்து பார்த்தா நான் அந்தப் பந்தல்ல நின்னுட்டு இருப்பேன். முழங்காலை நான் பார்த்துக்கறேன், நீ டிக்கெட்டைப் போடு.”

போனை அப்படியே அத்தானின் காதில் வைத்தேன். கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்து, நடைமேடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அச்சகத்துக்காரரிடம் சத்தம் போட்டார்.

“ஏலே, சுப்பையா மாமா பேருக்கு எதுத்தாப்புல ஒண்ணும் போடாண்டாம். ஆமாலே, தெரிஞ்சேதான் விடுதோம்!”