வாய்க்கால் குழுவுக்கு வந்த வைத்தியர்

அமிர்தலிங்கத்துக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் கிளை வாய்க்காலில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, எந்த மடை அடைத்திருக்கிறது, அடுத்து யார் முறை என்று பைக்கில் அலைந்து பார்த்துச் சொல்லும் வேலையை அவராகவே தலையில் போட்டுக்கொண்டார். சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. முன்பு வரப்பில் நின்று கத்துவார். இப்போது வாட்ஸ்அப் குழு.

அவர் செய்தி போட்டால் குழுவில் யாரும் ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்தால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுப்பதுதான் எங்கள் வழக்கம்.

இந்த மனிதர் ஃபேஸ்புக்கில் ஒரு வைத்தியரிடம் மாட்டினார். படத்தில் வெள்ளைத் தாடி, சிரித்த முகம். மூட்டுவலிக்கு என்ன செய்யலாம் என்று இவர் கேட்டதுதான் தாமதம், பதில் வந்துவிட்டது.

"டவுன் டாக்டரு நிமிந்துகூட பாக்க மாட்டேங்குறாரு. இவரு எப்ப கேட்டாலும் பதில் சொல்றாருங்க," என்று டீக்கடையில் பெருமை வேறு. எப்போது கேட்டாலும் பதில் சொல்கிற வைத்தியர் எப்போதுதான் சாப்பிடுவார் என்று அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. நல்ல ஜோடி நாங்கள்!

நடவு சமயத்தில் அந்த வைத்தியர் சர்க்கரை நோய்க்கு ஒரு கஷாயம் சொன்னார். மாத்திரை விஷம், உடனே நிறுத்துங்கள் என்றும் சொன்னார். நாலு பேருக்கு நல்லதுதானே என்று அமிர்தலிங்கம் அதையும் தண்ணீர்ச் செய்தியோடு குழுவில் தட்டிவிட்டார். கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் ரெத்தினத்துக்குச் சர்க்கரை உண்டு. அன்றைக்கே அவர் மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

கொஞ்ச நாளில் ரெத்தினத்தின் கால்விரல் இடுக்கில் புண் வந்தது. நடவுக் காலத்தில் இங்கே யாருக்குத்தான் சேற்றுப்புண் இல்லை? மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டு திரும்பவும் சேற்றிலேயே இறங்கினார். வலிக்கவில்லை. அதனால் ஆறிக்கொண்டு வருகிறது என்று நினைத்தார், பாவி மனிதர்.

மடை பார்க்கப் போன அமிர்தலிங்கம் அந்தக் காலைப் பார்த்துப் பதறிப்போனார். விரல்கள் கறுத்து நாற்றம் எடுத்திருந்தன. வரப்பில் நின்றபடியே வைத்தியருக்கு எழுதினார். உடனே பதில் வந்தது: 'மகிழ்ச்சி! தொடர்ந்து அருந்துங்கள். பத்துப் பேருக்குப் பகிருங்கள்.'

'ஐயா, கஷாயம் குடிச்சவரு கால் அழுகுது' என்று மறுபடி எழுதினார்.

'மகிழ்ச்சி! தொடர்ந்து அருந்துங்கள். பத்துப் பேருக்குப் பகிருங்கள்.'

ஒரு கெட்ட வார்த்தையை எழுதி அனுப்பினார். அதற்கும் மகிழ்ச்சிதான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கம் ஆளே இல்லை, எதைக் கேட்டாலும் தானாகப் பதில் துப்பும் ஏதோ ஒரு எந்திரம். இத்தனை நாளும் அதை 'ஐயா, ஐயா' என்று கும்பிட்டிருக்கிறார்.

ஆட்டோ பிடித்து ரெத்தினத்தைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூன்று விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அமிர்தலிங்கம் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே குழுவில் குரல் பதிவு போட்டார்: "அந்தக் கஷாயத்த நிறுத்துங்க. மாத்திரைய போடுங்க. புண்ணு இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் அனுப்புனது தப்பு." விடாமல் அதையே திரும்பத் திரும்பப் பேசி அனுப்பினார்.

பிறகு வார்டுக்குள் போனார்.

"தம்பி, அப்படி ஒரு வைத்தியரே கிடையாதுடா. அது மெஷினாம். நம்மள ஏமாத்திப்புடுச்சு."

ரெத்தினம் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"வைத்தியர எனக்கு தெரியுமாண்ணே?" என்றார். "நீங்க சொன்னீங்க, நிறுத்திட்டேன்."